பழைய களஞ்சிய வளவில் வீடுகள் கட்டலாமா?

திருகோணமலை நகருக்குள் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் பரப்பில், ஒரு காலத்தில் நெல்லும் சீமெந்தும் அடுக்கிய களஞ்சியமாகவும், அதன் பின்புறம் லொறி திருத்தும் கராஜாகவும் இருந்து, இப்போது முட்பற்றை மண்டிக் கிடக்கும் வளவொன்றை நண்பர்கள் சிலர் கூட்டாக வாங்கி, சுற்றாடலுக்கு இசைவான குடியிருப்பாக மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய கட்டடத்தை இடித்துவிட எண்ணுவதாகவும், புதிய கூரை முழுவதும் சூரிய மின்படலங்களைப் பொருத்தப்போவதாகவும் எழுதியுள்ளீர்கள். முடியும் என்பதே என் பதில். ஆனால் உங்கள் திட்டத்தில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் மண்ணும் பராமரிப்பும்தான் இத்தகைய குடியிருப்புகள் நிலைப்பதையும் சீரழிவதையும் தீர்மானிப்பவை. சூரிய மின்படலங்கள் ஐந்து ஆண்டுகள் பிந்தி வந்தாலும் எந்த நட்டமும் இல்லை.

முதலில் காணி உறுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் நெடுங்காலம் மூடிக் கிடக்கும் காணி என்றால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும். உரிமையாளர் 1980களில் இடம்பெயர்ந்திருப்பார். பிள்ளைகள் இரண்டு மூன்று நாடுகளில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் தம் சார்பில் செயற்பட எழுதிக்கொடுத்த அற்றோணித் தத்துவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் விற்க வருவார். பத்து ஆண்டுகள் இடையறாமல் தம் கைவசம் (சட்டமொழியில் ஆட்சியில்) வைத்திருந்தால் காணி தமதாகிவிடும் என்று சொல்வோரையும் சந்திப்பீர்கள். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போர்ச் சூழலால் தம் காணி உரிமையை நிலைநாட்ட முடியாது போனவர்களுக்கு இவ்விடயத்தில் சிறப்பு ஏற்பாடு செய்திருப்பதால், அந்தப் பேச்சை நம்பி முற்பணம் கொடுக்க வேண்டாம். அரச காணிக்கு எதிராக ஆட்சியுரிமை கோரவும் முடியாது. துறைமுகத்தைச் சூழ்ந்த காணிகளில் பெரும்பகுதி துறைமுக அதிகாரசபைக்குரியது என்பதால், எல்லைக் கற்களை நில அளவையாளரைக் கொண்டு மறுபடி சரிபார்ப்பது அவசியம். நகரின் மையப்பகுதி உட்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம்; உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், அங்குள்ள பல வளவுகளுக்கு நகர அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதியோடு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். களஞ்சியம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டது என்று சந்தேகிக்க இடமிருந்தால் தொல்பொருளியல் திணைக்களமும் வந்து சேரும். இவை எல்லாம் சட்டத்தரணிக்கும் நில அளவையாளருக்கும் உரிய வேலைகள். நீங்களே நேரில் நின்று பார்க்கவேண்டியது மண்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நகருக்கு வெளியே இதேபோன்ற ஒரு வளவைப் பார்க்க அழைக்கப்பட்டிருந்தேன். பார்வைக்கு அழகான இடம்: மட்டமாக்கிய வெண்மணல், ஓரத்தில் இரண்டு பெரிய வேம்புகள். வாங்க இருந்தவர்கள் அன்றே முற்பணம் கொடுக்கும் மனநிலையில் இருந்தார்கள். ஒரு குழி வெட்டிப் பார்ப்போம் என்று நான் வற்புறுத்தியபோது விற்பவரின் முகம் சற்று மாறியது. முதல் இரண்டடி புதிதாகக் கொட்டிய மணல். அதன் கீழே மணல் சாம்பல் நிறமாகி, நான்காவது அடியில் டீசல் மணக்கத் தொடங்கியது. ஆறாவது அடியில் ஊறிய நீரின் மேல், மீன் செதிலில் வெயில் பட்டாற்போலப் பல நிறங்களில் ஒரு படலம் மிதந்தது. குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, "ஐயா, இது கிணறில்லை, எண்ணெய்ச் செக்கு" என்றார். அந்த வியாபாரம் அங்கேயே முடிந்தது.

நம் கரையோர மணலில் எண்ணெய் நடந்துகொள்ளும் விதம் இதுதான். களிமண்ணில் என்றால் சிந்திய இடத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். மணலில் நேரே இறங்கி நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். அந்த நீர்மட்டமோ ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் வாடை மழையில் மேலெழும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வற்றி ஆவணியளவில் மிகத் தாழும். (இங்கே கச்சான் என்றால் வேர்க்கடலையும்தான்; நான் சொல்வது மேற்கிலிருந்து அனலாய் வரும் காற்றை.) நீரோடு எண்ணெயும் ஏறி இறங்குவதால், நாலைந்து அடி தடிப்புள்ள மணல் முழுவதும் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும். ஆகவே ஒரே ஒரு குழி வெட்டி மணந்து பார்ப்பது போதாது. வளவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கராஜ் இருந்த இடம், எரிபொருள் தாங்கி புதைத்திருந்த இடம், பழைய பற்றரிகள் குவித்த மூலை, மின்மாற்றி நின்ற மேடை ஆகியவற்றில் நெருக்கமாகவும், மற்ற இடங்களில் ஐதாகவும் துளையிட்டு, மண்ணையும் நீரையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். முன்பு அங்கே வேலை செய்த முதியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து வளவுக்குள் நடத்திக்கொண்டு போய்க் கேட்பது, துளையிடும் செலவில் பாதியை மிச்சப்படுத்தும்.

டீசலும் கழிவெண்ணெயும் கண்டால் அஞ்சி ஓட வேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட மண்ணைத் தோண்டியெடுத்து, கீழே நீர் ஊறாத விரிப்பிட்டு, மாட்டெருவும் இலைக்குழையும் கலந்து, குவியலாக்கி, ஈரம் காயாமல் வைத்துக்கொண்டு, இடைக்கிடை புரட்டிக் காற்றுப் படவிட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே டீசலைத் தின்று தீர்க்கும். நம் வெப்பநிலை இதற்கு வாய்ப்பானது. சில மாதங்களில் பெருமளவு குறைந்துவிடும். கழிவெண்ணெய் கூடுதல் காலம் எடுக்கும். பற்றரியிலிருந்து கசிந்த ஈயம் வேறு வகை. அது எத்தனை ஆண்டு போனாலும் சிதையாது. எந்த நுண்ணுயிரும் அதைத் தின்னாது. அந்த மண்ணை அகற்ற வேண்டும், அல்லது வாகனத் தரிப்பிடத்தின் கொங்கிறீற்றுக்குக் கீழே நிரந்தரமாக மூடி, அதைக் குடியிருப்பின் வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் மண் அளையும் இடத்திலும், கீரை போடும் பாத்தியிலும் ஈயம் இருக்கவே கூடாது. வளவில் முன்பு படைமுகாம் இருந்திருந்தால், கண்ணிவெடி அகற்றியதற்கான சான்றைப் பெறாமல் ஒரு மண்வெட்டிகூட இறக்க வேண்டாம்.

இனி இடிப்பதைப் பற்றி. களஞ்சியச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த கற்சுவர் என்றும், கூரையின் ஒரு பகுதிக்குப் பிற்காலத்தில் அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டிருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சீற்றுகளை மட்டும் கழற்றுங்கள். நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, பொதிந்து அனுப்ப வேண்டும். ஜேசிபியால் ஒரே இடியாக இடித்து, சீற்றும் கல்லும் கலந்த இடிபாட்டை வளவு நிரப்பப் பயன்படுத்துவது நான் பலமுறை கண்ட தவறு. அஸ்பெஸ்ரஸ் நார்த்தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வருவதில்லை. மற்றபடி அந்தச் சுவர் நிற்கட்டும். சீமெந்தாக அரைபடும் கிளிங்கர் என்ற கட்டியில் ஒரு தொன்னைச் சுட்டெடுக்க 0.8 தொன்னுக்கும் அதிகமான காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தில் சேர்கிறது. நூறு ஆண்டு நின்ற சுவரை இடித்து, அதே இடத்தில் சீமெந்துக் கல் அரிந்து புதுச்சுவர் எழுப்பிவிட்டு, கூரையில் படலம் வைத்துப் பசுமைக் கணக்கு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூரையில் முதிரை அல்லது பாலை மரத் தீராந்திகள் இருந்தால் அவை இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு. அவற்றைக் கழற்றும்போது தச்சர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பழைய சுவரைப் பூசும்போது சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்துங்கள். உவர் ஏறிய சுவரில் சீமெந்து பூசினால் உள்ளே அடைபட்ட ஈரம் இரண்டு மாரிக்குள் பூச்சைத் தள்ளிவிடும்.

அந்தக் களஞ்சியத்தை வீடுகளாகப் பிரிக்கவும் வேண்டாம் என்பேன். மாடிக் குடியிருப்பு என்றால் நம் ஆட்கள் முகம் சுளிப்பதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. குசினிக்குப் பின்னால் மீன் வெட்டவும் உடுப்புத் தோய்த்துக் காயப்போடவும் இடம் இருக்காது. சாமத்திய வீடு என்றால் எங்கே பந்தல் போடுவது? இதைவிடப் பெரிய கேள்வியை வெளியே கேட்கத் தயங்குவார்கள்: செத்தவீடு வந்தால் என்ன செய்வது? பெட்டியைப் படியில் இறக்க முடியாமல், நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் திணறியதை ஒரு மாடிக் குடியிருப்பில் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த வரைபடம் கையில் வந்தாலும் படியின் திருப்பத்தைத்தான் முதலில் அளக்கிறேன். ஏழடிப் பெட்டி கிடைநிலையில் திரும்ப வேண்டும். களஞ்சியத்தைப் பொது மண்டபமாக வைத்துக்கொண்டால், கலியாணம், சாமத்தியம், செத்தவீடு, பிள்ளைகளின் மாலைநேர வகுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே கூரை கிடைக்கும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழப்போகும் நகரம் இது என்பதால், மண்டபத்தை யாருடைய வழிபாட்டிடமாகவும் ஆக்காமல் வைப்பதென்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

எத்தனை வீடுகள் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு ஏக்கர் என்பது 320 பேர்ச். அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனி வீடுகள் கட்டினால், உள்வீதிக்கு விட்டது போக இருபத்தைந்து வீடுகள் தேறலாம். நிலமெல்லாம் மதிலும் வீதியுமாகிவிடும். மாறாக, 75 சதுர மீற்றர் வீதம் 48 வீடுகளை மூன்று தளங்களில், நடு முற்றத்தைச் சுற்றி அமைத்தால், படிகளும் விறாந்தையும் சேர்த்து மொத்தத் தளப்பரப்பு ஏறத்தாழ 4,320 சதுர மீற்றர். நிலத்தில் அது அடைப்பது 1,440 சதுர மீற்றர், அதாவது வளவில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. மூன்று தளம் என்று நான் நிறுத்துவதற்கு லிப்டே காரணம். லிப்ட் இருந்தால் அதைப் பராமரிக்க வேண்டும்; பழுதானால் யார் காசு கொடுப்பது என்ற சண்டையும் கூடவே வரும். முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் கீழ்த்தள வீடுகளை ஒதுக்கிவிடுங்கள்.

திசைகளைப் பற்றிக் கொழும்பு வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து போடுவோரிடம் நான் அடிக்கடி வாதிட நேர்கிறது. திருகோணமலை வடக்கு அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆகவே வடக்குச் சுவருக்கும் தாழ்வாரம் வேண்டும். மேற்குச் சுவரோ பிற்பகல் வெயிலையும் கச்சானின் அனலையும் சேர்த்து வாங்குவது. அந்தப் பக்கத்தில் படிக்கட்டு, குளியலறை, அலுமாரிச் சுவர் ஆகியவற்றை வைத்து, படுக்கையறைகளை மாலைக் கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். கிழக்கில் யன்னல் பெரிதானால் மார்கழிச் சாரலும் உள்ளே வரும். அதனால் நாலடி, ஐந்தடி அகல விறாந்தை அங்கே ஆடம்பரம் அல்ல. 1964 டிசம்பர்ப் புயலும் 2020 டிசம்பர் 2 ஆம் திகதி கரைகடந்த புரெவியும் இந்தக் கரையில்தான் ஏறின. கூரை மரங்களைச் சுவருடன் இரும்புப் பட்டியால் இறுக்குவது சிறு செலவு. மேசன்மார் அதை மறந்துபோவதும் வழக்கம். முற்றத்தில் வேம்பும் பூவரசும் புங்கையும் வையுங்கள். பூங்கன்றுகளில் அதிகம் செலவிட வேண்டாம். நகரத்துப் புள்ளிமான்கள் படலை திறந்திருக்கும் முதல் இரவிலேயே வந்து கணக்குத் தீர்த்துவிடும்.

நீர் விடயத்தில் கணக்குப் போட்டே பேச வேண்டும். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. 1,440 சதுர மீற்றர் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கு பிடிபட்டால், ஆண்டுக்கு 17 இலட்சம் லீற்றருக்கு மேல். 48 வீடுகளில் 192 பேர் மலசலகூடத்துக்கு மட்டும் ஆளுக்கு 30 லீற்றர் பாவித்தால் நாளொன்றுக்கு 5,760 லீற்றர். மே முதல் செப்டெம்பர் வரையான வறண்ட ஐந்து மாதங்களுக்கு 8.6 இலட்சம் லீற்றர். கூரையில் விழுவது அதைப்போல் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கைக் காட்டித்தான் மழைநீரே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பார்கள். ஆனால் மழை பெய்வது ஒரு பருவத்தில், தேவைப்படுவது இன்னொரு பருவத்தில். 8.6 இலட்சம் லீற்றரைத் தேக்க இருபது மீற்றர் நீளம், பதினான்கரை மீற்றர் அகலம், மூன்று மீற்றர் ஆழமுள்ள தொட்டி வேண்டும். அதன் கொங்கிறீற்றும் செலவும் எவ்விதத்திலும் நியாயமாகா. சட்டம் கேட்கும் அளவிலும் சற்றுக் கூடுதலாக ஒரு 60,000 லீற்றர் தொட்டியைக் கட்டி, மிஞ்சுவதை வளவிலேயே மணலுக்குள் இறங்க விடுங்கள். கரையோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் குறைந்தால் கீழிருந்து நாற்பது மீற்றர் உவர்நீர் மேலெழ இடமாகும். அக்கம்பக்கத்துக் கிணறுகள் உவராகாமல் காப்பதில் நீங்கள் இறக்கும் மழைநீருக்குப் பங்குண்டு. எண்ணெய் இருந்த மூலையில் மட்டும் அதை இறக்கிவிடாதீர்கள்.

வறண்ட மாதங்களிலும் நாள்தோறும் தவறாமல் வருவது குளித்த நீரும் உடுப்புத் தோய்த்த நீரும். ஆளுக்கு 70 லீற்றர் என்றாலும் 13,000 லீற்றருக்கு மேல். மலசலகூடத் தேவையைப்போல் இரு மடங்கு. சல்லி நிரப்பிய ஆழமற்ற தொட்டியில் கல்வாழையும் நாணலும் நட்டு, நீரைச் சல்லிக்குக் கீழாகவே ஓட விட்டால், ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீற்றர் பரப்பில் அது தெளிந்து வரும். மரங்களுக்கும் மலசலகூடத்துக்கும் திருப்பிவிடலாம். நீர் மேலே தேங்கக் கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2017 இல் டெங்கு கிண்ணியாவில் என்ன செய்தது என்பது இந்த மாவட்டத்தில் எவருக்கும் மறக்காது. மலக்கழிவை இதனோடு கலக்காமல், கசிவில்லாத தனித் தொட்டிகளில் படிப்படியாகத் தெளியவிட வேண்டும். மணலில் வெறும் மலக்குழி வெட்டுவது அயல்வீட்டுக் கிணற்றுக்குள் குழாய் வைப்பதற்குச் சமம்.

சூரிய மின்சாரத்துக்கு வருகிறேன். ஒரு கிலோவாற் பொருத்தினால் மாதத்துக்கு 100 முதல் 120 அலகு வரை எதிர்பார்க்கலாம். முதலில் நீரிறைக்கும் மோட்டருக்கும் படிவிளக்குகளுக்கும் போதுமான பத்துக் கிலோவாற்றைப் பொருத்துங்கள். பொது மின்கட்டணம் குறைந்தால் பராமரிப்புச் சந்தாவும் குறையும். மற்றதை வீட்டுக்காரர் தத்தம் வசதிக்கேற்பப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். கடற்காற்றில் சாதாரண இரும்புத் தாங்கிகள் நிற்காது என்பதை மட்டும் கவனியுங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. இலண்டனின் தென்புறத்தில் பழைய கழிவுநீர் நிலத்தில் 2002 இல் கட்டி முடித்த பெட்செட் குடியிருப்பை இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். தடித்த சுவரும் நல்ல வெளிச்சமும் இன்றுவரை அங்கே பயன் தருகின்றன. மரச்சீவலை எரித்து வெப்பமும் மின்சாரமும் தர அமைத்த இயந்திரமும், செடிகளைக் கொண்டு கழிவுநீரைத் தெளிவிக்கும் நிலையமும் சில ஆண்டுகளுக்குள் நின்றுபோயின. அவற்றை இயக்கும் செலவும் வேலையும் அந்தச் சிறு குடியிருப்புக்குத் தாங்கவில்லை. அதனால்தான் உங்கள் கல்வாழைத் தொட்டியில் மோட்டர் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறேன். ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில், 1992 இல் பிரெஞ்சுப் படையினர் விட்டுச்சென்ற வோபான் முகாமில், குடும்பங்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து தம் வீடுகளைத் தாமே திட்டமிட்டுக் கட்டினார்கள். பழைய படைக் கட்டடங்கள் சிலவும் வீடுகளாக எஞ்சின. உங்கள் நண்பர் குழுவுக்கு நெருக்கமான முன்மாதிரி அதுவே.

இலங்கையில் மாடி வீடுகளின் உடைமை 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது; தனி வீடுகளையும் பொது இடங்களையும் பிரித்துக் காட்டும் கூட்டாதனப் படம் பதிவானதும் வீட்டுக்காரர் எல்லோரும் உறுப்பினராகும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உருவாகும். அது உருவாகும்வரை காத்திராமல், முதல் வீட்டை விற்கும்போதே விலையில் ஒரு பங்கைப் பராமரிப்பு நிதியாகப் பிரித்து, வங்கியில் தனிக் கணக்கில் போடுங்கள். செலவு வைப்பவை நான்கு: மலக்கழிவுத் தொட்டி மூன்று ஆண்டுக்கொருமுறை, சல்லித் தொட்டியின் முகப்பு ஆண்டுக்கொருமுறை, இன்வேர்ட்டர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை, மோட்டர் எப்போது என்று சொல்ல முடியாது. இந்த நான்கையும் உறுதியோடு இணைக்கும் ஒரு தாளில் எழுதி, வாங்குவோரிடம் ஒப்பம் பெறுங்கள். மாதச் சந்தாவைப் பற்றி வீடு வாங்கும் நாளில் பேசக் கூச்சப்படுவோர், மோட்டர் எரிந்த நாளில் படியில் நின்று பேச நேரிடும்.

இப்போதைக்கு முற்பணம் எதுவும் கொடுக்காமல், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, நீர் தாழ்ந்திருக்கும் ஆவணியில் ஒருமுறையும் மார்கழி மழைக்குப் பின் இன்னொருமுறையும் மண்ணைத் துளைத்துப் பாருங்கள். ஆய்வுகூட அறிக்கை கிடைத்ததும் எழுதினால், எந்த மூலையில் வீடு, எந்த மூலையில் தரிப்பிடம் என்பதைச் சேர்ந்தே குறிக்கலாம்.